ஐஸும் பெட்டியும்

மாதா துணை

காசிமேடு,
24.4.2024

அன்புள்ள ரமாவுக்கு,

பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு அடித்தால் உன் வீட்டுக்காரர் பீம்ராவ் அண்ணன் எடுத்து, “அவ குளிச்சிகினு கீறாம்மா” என்கிறார். காலையிலும் குளியல், சாயங்காலமும் குளியல். மீஞ்சூரில் தண்ணீர் அவ்வளவு தாராளம் என்று எனக்குத் தெரியாது.

அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் படிக்காமல் கிழிக்க உனக்கு மனசு வராது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாம் ஒரே பெஞ்சில் தைத்த காலத்தில், போண்டா மடித்து வந்த காகிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தானே கசக்குவாய்.

இங்கே மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து தூங்குகிறது. ஐஸ் உடைக்கிற மெஷினும் தூங்குகிறது. ஐஸ் கடையில் உட்கார்ந்தால் எனக்கும் பட்டப்பகலில் கண் சொருகிவிடுகிறது. இரண்டு மூன்று நாளாக ஒரே கனவு. வெள்ளையாக ஏதோ ஒன்று தண்ணீர்மேல் விரித்துப் போட்டாற்போல் போகிறது. ஐஸ் புகையா, துணியா என்று குனிந்து பார்ப்பதற்குள் யாராவது ஹாரன் அடித்து எழுப்பிவிடுகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஷாலு தன் கல்யாணத்துக்கு உன் கல்யாணப் புடவையைக் கட்டப் போகிறாள் என்று சொன்னாய். டிரங்குப் பெட்டியில் இருந்த புடவையை எடுத்து உன் கல்யாண போட்டோவோடு வைத்துப் பார்த்தாளாம். போட்டோவில் நீல ஓரம் சன்னம், கையில் இருந்ததில் அகலம். “இது வேற பொடவம்மா” என்றாளாம். நீ என்னைக் கேட்டாய். நான் இருப்பதைச் சொன்னேன். “வேற தான். அத்தவிட ஒசத்தியா வாங்கிக் குடுத்தேன்ல. கடன் தீந்துச்சி. இப்போ இன்னா அதுக்கு?” அவ்வளவுதான் பேச்சு. டொக் என்று வைத்துவிட்டாய்.

இதில் நான் என்ன தப்பாகச் சொன்னேன் ரமா? என் கல்யாணத்துக்கு வெள்ளைப் புடவை வாங்க வழியில்லாமல் நான் முழித்தபோது, உன் புடவையைப் பேப்பரில் சுற்றி எடுத்துவந்து சாப்பாட்டு நேரத்தில் என் மடியில் வைத்தாய். அதை நான் மறக்கவில்லை. உங்கள் பௌத்த முறையிலும் பெண்ணுக்கு வெள்ளை, எங்கள் கோயிலிலும் வெள்ளை, வசதியாகப் போயிற்று. ஓரத்தில் இருந்த உங்கள் ஜெய்பீம் கொடியின் நீலத்தைப் பார்த்து எங்கள் பாதர் “மாதாவுக்குப் பிடித்த நிறம்” என்று பிரசங்கத்திலேயே சொன்னார். நீ கடைசி பெஞ்சில் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு சிரித்தாய்.

பிறகு வியாபாரம் கொஞ்சம் நிமிர்ந்ததும், எம்.சி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, அதே வெள்ளை அதே நீலத்தில் உனக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். உன்னுடையது பருத்தி, நான் கொடுத்தது பட்டு கலந்தது. வாங்கினதற்கு மேலாகக் கொடுத்தவளைப் பார்த்து யாராவது போனை வைப்பார்களா?

கோபம் ஆறியதும் எழுது. சீக்கிரம் ஆறவேண்டும்.

பதிலுக்குக் கண் சொருகாமல் காத்திருக்கும்,
ஜானட்


ஜெய்பீம்

மீஞ்சூர்,
29.4.2024

ஜானட்டுக்கு,

நான் குளிக்கவில்லை. பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். உன் அண்ணனுக்கு வேறு பொய் தெரியாது.

உன் கடையில் நான் எத்தனை தரம் உட்கார்ந்திருக்கிறேன். படகுக்காரர்கள் ஐஸ் கடன் வாங்கிப் போவார்கள். அந்த ஐஸ் கடலுக்குள் உருகித் தண்ணீராகிவிடும். அதையே கொண்டுவா என்று யாரும் கேட்க முடியாது, நீயும் கேட்டதில்லை. அதற்கு ஈடாக ஒன்று வந்தால் கணக்குத் தீர்ந்தது. ஆனால் ஐஸ் போகிற பெட்டி? அதை நீ கடனாகக் கொடுப்பதில்லை. இரவல். சிவப்பு பெயிண்டில் ‘ஜா’ என்று எழுதிய அதே பெட்டிதான் திரும்ப வரவேண்டும். ஒரு தடவை ஒருத்தர் உன் பெட்டியைத் தொலைத்துவிட்டுப் புத்தம் புதுப் பெட்டி கொண்டுவந்தார். “இது யாருக்கு வேணும்? எம் பொட்டி எங்க?” என்று நீ போட்ட கூச்சலில் அந்த மனுஷன் புதுப் பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார்.

இப்போது நீ சொல். என் புடவை ஐஸா, பெட்டியா?

மடியில் வைக்கும்போது நான் சொன்னது உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. “இரவல்டி. கட்டிக்கினு பத்திரமா குடு” என்றேன்.

நீ வேறு புடவை கொண்டுவந்த அன்றைக்கே எனக்குத் தெரியும். என் புடவையின் முந்தானையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட பழுப்புத் தடம் ஒன்று உண்டு, புளியங்கொட்டை அளவுக்கு. நீ கொடுத்ததில் அது இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. பிடித்துப்போய் வைத்துக்கொண்டாள், வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். டிக்கெட் கவுண்டர் வேலைக்கு ரயிலில் போய்வந்த வருஷமெல்லாம், ராயபுரம் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்புவேன். வரிசையாக வீடுகள் போகும். இதில் ஒரு வீட்டு பீரோவில் என் புடவை மடித்து வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அரைத் தூக்கத்தில் அது எனக்கு ஒரு சுகம். இரவல் கொடுத்த பொருள் திரும்பி வராத வரைக்கும், கொடுத்தவளுக்கு அந்த வீட்டில் உட்கார ஓர் இடம் இருக்கிறது ஜானட். நீ “கடன் தீந்துச்சி” என்று சொன்னபோது, அந்த இடத்திலிருந்து கையைப் பிடித்து எழுப்பி வெளியே விட்ட மாதிரி இருந்தது.

கல்யாணம் புத்த பூர்ணிமா அன்றைக்கு, மே 23. ஷாலு அந்தப் புடவையைத்தான் கட்டுவேன் என்கிறாள். உன் பிள்ளை சாவியோவிடம் கொடுத்தனுப்பு. துறைமுகத்தில் வேலை முடிந்ததும் பைக்கில் வந்து கொடுத்துவிட்டுப் போகட்டும். கல்யாணம் முடிந்ததும் உனக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், வேண்டுமென்றால்.

பெட்டிக்காகக் காத்திருக்கும்,
ரமா


மாதா துணை

காசிமேடு,
3.5.2024

அன்புள்ள ரமாவுக்கு,

சாவியோவிடம் எதைக் கொடுத்தனுப்புவேன்? அந்தப் புடவை என் பீரோவில் இல்லை. அதில் பாதியை உடுத்தினவனே அவன்தான்.

சுற்றி வளைக்க எனக்கு வராது, நேராகச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பிள்ளையின் ஞானஸ்நானச் சட்டையைத் தாயின் கல்யாணப் புடவை முந்தானையில் வெட்டித் தைக்க வேண்டும். சாவியோ பிறந்தபோது என் மாமியார் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். “எங்க ஒம் பொடவ? முந்தானிய எடு.” பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் அதை என் புடவை என்றே நினைத்திருந்தார்கள். இரவல் புடவை கட்டிக்கொண்டு கோயில் ஏறினவள் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்டினேன்.

கம்பெனியில் காலர் தைத்த கை, வீண் போகவில்லை. சின்ன காலர், கீழே மடிப்பில் உன் நீல ஓரம். உன் இஸ்திரித் தடத்தை மட்டும் எப்படித் தள்ளி வெட்டியும் ஒதுக்க முடியவில்லை, இடது பக்கம் அக்குளுக்குக் கீழே வந்து உட்கார்ந்துவிட்டது. மீதிப் புடவை தூளியாயிற்று. சாவியோ அதில் வளர்ந்தான். மதியத்தில் காற்று வந்தால் யாரும் ஆட்டாமலே ஆடும். ஆடி ஆடி நைந்து போயிற்று.

அப்போதே உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ “பரவால்ல வுடு” என்பாய். அதுதான் எனக்கு ஆகாது. யார் கையிலும் ‘பரவால்ல’ வாங்கிக்கொண்டு நிற்பதில்லை என்று அந்த வயசிலேயே வைத்திருந்தேன். அதனால்தான் ஒசத்தியாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். இன்றைக்கும் அந்த வெட்டை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். பிள்ளைக்குத்தான் வெட்டினேன்.

ஆனால் உன் கேள்வி கேள்விதான். இரண்டு நாளாக மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தேன். பெட்டிதான் ரமா. பெட்டியை வாங்கிக்கொண்டு அதை ஐஸ் கணக்கில் தீர்த்திருக்கிறேன்.

அந்தக் குட்டிச் சட்டையும் என்னிடம் இல்லை. நன்றாக இருக்கிறது என்று பக்கத்துத் தெருவில் ஒருத்தி அவள் பிள்ளைக்குக் கேட்டாள், கொடுத்தேன். வந்தது. இன்னொருத்தி கேட்டாள். போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. எப்போதோ ஒரு தடவை போனது வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்காகத் திருவொற்றியூர் வரைக்கும் துரத்துகிறவள், அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

ஷாலுவிடம் நீயே சொல்லிவிடு. எனக்கு அந்தப் பெண்ணை நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது.

ஜானட்


ஜெய்பீம்

மீஞ்சூர்,
8.5.2024

ஜானட்டுக்கு,

கடிதம் வந்தது. ஷாலுவிடம் படித்துக் காட்டினேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “அந்தக் குட்டிச் சட்ட இப்போ எங்கம்மா கீது?” என்றாள்.

முடிந்தால் தேடு. அது கிடைத்தால் அவள் ரவிக்கையிலாவது ஒரு துண்டு வைத்துத் தைக்கலாம். கிடைக்காவிட்டால் இனிப் புடவையைப் பற்றி நாம் பேச வேண்டாம். வேறு எதைப் பற்றிப் பேசுவது என்றும் எனக்கு இப்போது தோன்றவில்லை.

ரமாபாய்


மாதா துணை

காசிமேடு,
13.5.2024

அன்புள்ள ரமாவுக்கு,

முழுப் பெயர் போட்டுக் கையெழுத்து வைத்திருந்தாய். ரயில்வேக்கு எழுதுகிறாற்போல. அதைப் பார்த்ததும் கடையைப் பூட்டிவிட்டு என் வீட்டுக்காரர் ஜார்ஜையும் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கடைசியாகச் சட்டையை வாங்கிப் போனவள் ராயபுரத்திலேயே இருக்கிறாள். அவள் திருவொற்றியூரில் இருக்கிற தன் நாத்தனாருக்குக் கொடுத்தாளாம். நாத்தனார் வீட்டில் கேட்டால், எண்ணூர்க் குப்பத்துக்குப் போயிருக்கிறது என்றார்கள். ஒவ்வொரு வீட்டிலும் காபி கொடுத்தார்கள், ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் மாட்டின போட்டோவைக் காட்டினார்கள். எல்லாப் போட்டோவிலும் வேறு வேறு பிள்ளை, ஒரே சட்டை. சிரிக்கிற பிள்ளை, கத்துகிற பிள்ளை, தூங்கிவிட்ட பிள்ளை. கீழே உன் நீல ஓரம். ஜார்ஜ் சும்மா இருப்பாரா? “ஏ, பொடவயாவே இருந்திருந்தா இத்தினி ஊரு பாத்திருக்குமா?” என்றார். வாயை மூடிக்கொண்டு வரச் சொன்னேன்.

சனிக்கிழமை மதியம் எண்ணூர் போய்ச் சேர்ந்தோம். வெயில் வெள்ளையாக இருந்தது. முகத்துவாரத்தில் தண்ணீரும் வானமும் எங்கே சேர்கிறது என்று தெரியவில்லை, அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் மட்டும் நடுவில் மிதந்துகொண்டிருந்தன. டிசம்பர் வெள்ளத்தில் வந்த எண்ணெய்க் கறை படகுகளின் இடுப்பில் இன்னும் கறுப்பு அரைஞாண் மாதிரி இருக்கிறது. அந்தப் படகு ஒன்றுக்கும் ஒரு வீட்டு ஜன்னல் கம்பிக்கும் நடுவில் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றில் அந்தச் சட்டை மட்டும் தனியாகக் காய்ந்துகொண்டிருந்தது. காற்று உள்ளே புகுந்து கையும் உடம்புமாக உப்பியிருந்தது. உள்ளே பிள்ளை இல்லாமலே ஒரு பிள்ளை ஆடிக்கொண்டிருந்தது ரமா. நான் தினம் காண்கிற கனவுக்குள் யாரோ என்னை இறக்கிவிட்டாற்போல் நின்றேன்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். அக்குளுக்குக் கீழே பழுப்புத் தடம். நீ சொன்ன அதே புளியங்கொட்டை.

வீட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் சிலுவையம்மாளாம், வலை பின்னுகிறவள். மறுநாள் அவள் தம்பி பிள்ளைக்கு ஞானஸ்நானம். நான் யார், எதற்கு வந்தேன் என்று சொல்லவில்லை. சட்டையைக் காட்டி, யாருது என்று மட்டும் கேட்டேன்.

“யாருதுன்னு யாருக்குக்கா தெரியும்? கொயந்திங்களுது. போட்டுகினு, தொவச்சி, அடுத்த வூட்டாண்ட குடுத்துடணும்.”

“நீங்களே வச்சிக்கலாமே?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அது எப்படிக்கா? அது இரவலாச்சே.”

அந்தப் பழுப்பு என்ன என்றும் கேட்டேன். முதல் முதலில் அதைப் போட்ட பிள்ளைக்குப் பாதர் பூசின எண்ணெய் என்றாள். அந்த இடத்தைத் தேய்த்துத் துவைக்கக் கூடாதாம், விரலால் அலசத்தான் வேண்டுமாம். உன் இஸ்திரிப்பெட்டிக்கு வந்த யோகத்தைப் பார்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் தைத்தது என்று சொல்லியிருந்தால் அப்போதே கயிற்றிலிருந்து உருவிக் கொடுத்திருப்பார்கள். மறுநாள் அந்தப் பிள்ளை வேறு ஏதாவது போட்டுக்கொண்டு போயிருக்கும். எனக்கு வாய் வரவில்லை. யாருடையது என்றே தெரியாமல், திருப்பிக் கொடுக்க ஆளே இல்லாமல், அத்தனை வீட்டுக்காரர்களும் அதை இரவல் என்று ஞாபகம் வைத்திருக்கிறார்கள். உன் கையால் வாங்கின நான் மட்டும்தான் மறந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் போனோம். சிலுவையம்மாள் விடவில்லை. பிள்ளையைக் கொஞ்ச நேரம் என் கையில் கொடுத்தாள். தலையில் தண்ணீர் பட்டும் அது விழிக்கவில்லை. ஜார்ஜ் போட்டோ எடுத்தார், ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். ஷாலுவிடம் காட்டு.

வசூலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினது இதுதான் முதல் தடவை. கல்யாணத்துக்கு நான் வரவா வேண்டாமா என்று நீதான் சொல்ல வேண்டும். ‘பரவால்ல’ என்று எழுதினால் இந்தத் தடவை வாங்கிக்கொள்கிறேன்.

ஜானட்


ஜெய்பீம்

மீஞ்சூர்,
17.5.2024

அடி ஜானட்டு,

பரவாயில்லை என்று எழுத மாட்டேன். நீ வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்ன பிறகு கொடுப்பதில் என்ன ருசி?

போட்டோவை ஷாலுவிடம் காட்டினேன். தடத்தின்மேல் விரல் வைத்துக் கதையைச் சொன்னேன். என் கல்யாணத்துக்கு முதல் நாள் இஸ்திரி போடும்போது உன் அண்ணன் வாசலில் சைக்கிள் மணி அடித்தார். எட்டிப் பார்க்கப் போனேன், சுட்டுவிட்டது. அதைத்தான் எண்ணூரில் விரலால் அலசுகிறார்களாம். அவள் சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள். பிறகு, “வெட்டித் துண்டெல்லாம் எடுக்கவேணாம்மா, அது பாட்டுக்குப் போவட்டும்” என்றாள். ராத்திரி முழுக்கப் போட்டோவைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

நானும் யோசித்தேன். என் புடவை தொலையவில்லை. அது இன்னும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறது. நான் கொடுத்த இரவல் இன்னும் முடியவில்லை. அப்படியென்றால் டிரங்குப் பெட்டியில் இருப்பது எது? என் புடவை எண்ணூரில் இருக்கும்போது இங்கே இருப்பதும் என் புடவையாக முடியுமா? இது உன்னுடையதடி. உன்னைக் கேட்காமல் இத்தனை வருஷம் என் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

ஷாலு உன்னிடம் கேட்கச் சொன்னாள். அவள் வார்த்தையையே எழுதுகிறேன். “ஜானட் அத்த, ஒம் பொடவைய எனக்கு ஒரு நாளு இரவல் குடுப்பியா? கட்டிக்கினு பத்திரமா குடுத்துடுறேன்.”

துவைத்து, மடித்து, அதே புடவையைத் தருவோம். வேறு வாங்கித் தர மாட்டோம். தபாலிலும் அனுப்ப மாட்டோம். நேரில் வந்துதான் வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

பதில் எழுதாதே. வா.

ரமா


மாதா துணை

காசிமேடு,
27.5.2024

அன்புள்ள ரமாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டோம். போனில் சொன்னாலே போதும்தான், ஆனால் எழுதிப் பழகிவிட்டது.

ஜார்ஜ் இன்னும் தன் பெருமையைப் பேசிக்கொண்டிருக்கிறார். புத்தம் சரணம் சொல்லும்போது எல்லோரும் ஒரு ராகத்தில் போக, இவர் கோயில் பாட்டுக் குரலில் ஒரு மூச்சு பின்னால் போய்க்கொண்டிருந்தார். பிக்கு திரும்பிப் பார்த்துச் சிரித்தாரே, அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை பாரி நல்ல பையன்.

ஷாலு அந்த வெள்ளையில் நடந்து வந்தபோது, நான் அந்தப் புடவையை வாங்கின நாள் ஞாபகம் வந்தது. கடைக்காரரிடம் நூலை எண்ணி, விளிம்பை இழுத்துப் பார்த்து, பேரம் பேசி வாங்கினேன். அழகாக இருக்கிறதா என்று அன்றைக்குப் பார்க்கவே இல்லை. இப்போதுதான் பார்த்தேன்.

துவைத்துத் தருவோம் என்று எழுதினாய். அவள் துவைக்கவில்லை. புடவையைச் சுற்றியிருந்த பேப்பரைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் உட்கார்ந்திருந்தேன். தோள் பக்கம் பூமாலையின் மஞ்சள் மகரந்தம் ஒட்டியிருக்கிறது. மல்லிகை வாசனை. அத்திப்பட்டு தாண்டினதும் ஜன்னலில் காற்று வந்தது, கண் சொருகியது, ஆனால் அந்தக் கனவு வரவில்லை. அதுதான் மடியில் இருக்கிறதே. நானும் துவைக்கப்போவதில்லை. பீரோவில் வைத்திருக்கிறேன். யாராவது பெண் வந்து கேட்டால் கொடுப்பேன், இரவல் என்று வாய் திறந்து சொல்லியே கொடுப்பேன்.

ஜூன் பாதியில் படகெல்லாம் இறங்கிவிடும். அப்புறம் மெஷின் சத்தத்தில் எனக்கு எழுத வராது. அதற்குள் இன்னொன்றைச் சொல்லிவிட வேண்டும்.

பந்திக்கு ஐஸ் கொண்டுவந்தேன் அல்லவா? அது அன்றைக்கே மோரிலும் ஜூஸிலும் கரைந்திருக்கும், அதைப் பற்றிப் பேச்சில்லை. பெட்டி உன் வீட்டுப் பின்கட்டில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சிவப்பில் ‘ஜா’ என்று எழுதியது. ரயில் ஏறும்போது ஜார்ஜ் ஞாபகப்படுத்தினார். நான்தான், இருக்கட்டும் வாங்க என்றேன்.

திருப்பி அனுப்பாதே. எனக்கு அவசரமில்லை.

உன்,
ஜானட்